நீக்கப்பட்ட சாமான்கள்

கிராண்ட்பாஸ் களஞ்சியத்தில் பட்டியல் அடிப்பது நான்.
ஒன்பது பிரதி.
ஒன்பதாவது தாளுக்குப் போய்ச்சேரும்போது
சொற்கள் ஆவிபோலத்தான் இறங்கும்:
சேலைன், பஞ்சு, குளோரின் வில்லை,
பால்மா, மெழுகுதிரி,
தையல் நூல், காயத்துக்கு.

எந்தக் காயத்துக்கு, என்று கேட்டார் கந்தோரில்.
பதில் எழுத விட்டிருந்த கோடு
மூன்று அங்குலம்.

சிவப்புப் பேனை அவருடையது.
பற்றரி, வெட்டு.
மண்ணெண்ணெய், பாதி.
கத்தரிக்கோல், நுனி மழுங்கியதென்றால் சரி.
மெழுகுதிரி நானூறு என்பதில்
ஒரு சைபரைச் சுரண்டி எடுத்தார்,
பல்லிடுக்கில் சிக்கியதை எடுப்பதுபோல.

கெட்ட மனுசரில்லை. இஞ்சி பிஸ்கட் நீட்டினார்.
மகளுக்குப் பரீட்சை, வீட்டில் விடியுமட்டும் லைற் எரிகிறதாம்.
பிறகு சிங்களத்தில், மிருதுவாக:
"அங்கே இருட்டினால் படுக்கத்தானே, மிஸ்?"

அங்கே.
நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.
ஊரின் பெயரைச் சொன்னால்
மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு முகம் மூடிக்கொள்ளும்.
அன்று காலை ஆட்டுப்பட்டித்தெருச் சாவடியில்
என் கைப்பையையும் கொட்டித்தான் பார்த்தார்கள்:
குடை, சீப்பு, பஸ் ரிக்கற்,
எதற்கென்று எனக்கே நினைவில்லாத ஒரு பற்றரி.
அதைப்பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசினோம்.

செவ்வாய், பத்து மணி, வானொலித் தொடர்பு.
இரைச்சலுக்குள்ளிருந்து தவமலர்,
பிரசவ விடுதித் தாதி.
நான் அவளைக் கண்டதில்லை.
குரலில் ஒரு தெற்றுப்பல் இருக்கிறது.
"திரி வெளிக்கிட்டுதா? ஓவர்."
"பரிசீலனையில். ஓவர்."
ஆறு செவ்வாயாக அதே சொல்.
பரிசீலனையைக் கொளுத்தி
ஒரு பிள்ளையின் தலை எந்தப்பக்கம் என்று பார்க்க முடியாது.
அவள் அப்படிச் சொல்லவில்லை. நன்றி, ஓவர் என்றுதான் சொன்னாள்.

ஏழு லொறி போய் ஏழும் திரும்பின.
பியதிலக்க சாரதி இறங்கி
முதலில் சறத்தை உதறினார். மா பறந்தது.
மூட்டையைப் பிரித்துத் தறையில் கொட்டி
கம்பி விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு
அள்ளிக்கொண்டு போ என்றார்களாம்.
அள்ளினோம், மிஸ். மண்ணும் கொஞ்சம் ஏறியது.
அதைத் தாண்டினால் மற்றவர்கள்.
அவர்களிடமும் ஒரு பட்டியல். அவர்களிடமும் ஒரு பேனை.
நாற்பது மூட்டை இறக்கிவைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்,
சனத்துக்காகத்தான் என்று.

தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.
மண்ணுக்கும் நாற்பது மூட்டைக்கும் சேர்த்து
ஒரே ஒரு கட்டம்தான் படிவத்தில்.
யோசித்தேன்.
கசிவு, என்று அடித்தேன்.

முந்நூற்று அறுபது மெழுகுதிரி எங்களோடு தங்கிவிட்டது.
தகரக் கூரை. சித்திரைப் புழுக்கம்.
பெட்டிக்குள்ளேயே அவை சாய்ந்து, இளகி,
ஒன்றின் தோளில் ஒன்று ஒட்டி
ஒரே கட்டியாகிப் போயின.
இருப்பெடுக்க வந்த ஜுனைதீன்
கட்டியைப் புரட்டிப் புரட்டி
திரிகளைத்தான் எண்ணினான்.
கணக்குச் சரி.

அன்று பின்னேரம் மின்சாரம் போனது.
அரை நகரமும் போனது.
புதிய விண்ணப்பம் ஆறு மணிக்குள் போயாக வேண்டும்;
துறைமுகப் பக்கம் மட்டும் ஏதோ ஒரு கப்பல்
கல்யாண வீடுபோல் வெளிச்சம் போட்டுக்கொண்டு நின்றது.
ஜுனைதீன் கேளாமலே கத்தியோடு போய்
கட்டியில் ஒரு திரியைப் பிளந்து வந்தான்.
சிரட்டையில் குத்தி, தட்டச்சுக்குப் பக்கத்தில் வைத்தான்.

நல்ல வெளிச்சம்.
அவ்வளவு நல்ல வெளிச்சமென்று நான் நினைத்திருக்கவில்லை.
என் விரல் நகமெல்லாம் தெரிந்தது.
அதில் அடித்தேன்:
மெழுகுதிரி, நானூறு.

"ஒண்டு குறையுது, அக்கா. லெட்ஜரில என்ன போட?"
கசிவு என்று போடு, என்றேன்.
அவன் எழுதி முடித்தபிறகு
அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொன்னேன்.

"ஏலாதே," என்றான்.
"பக்கத்துக்கெல்லாம் நம்பர் ஈக்கிது."